உன் நெருப்புச் சட்டிக்கு ஒரு கருவி செய்தேன்

என்னை இடுப்பில் தூக்கித் தூக்கியே ஒரு பக்கம் சாய்ந்து நடந்த என் கலா அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை. கோபமாக இருக்கிறேன். அதைக் கொட்ட இந்தத் தேயிலைத் தோட்டத்தில் உன்னைவிட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்?

நீ செத்ததற்கு நம் லயத்து வரிசையில் எல்லா வீட்டிலும் ஒரே காரணம் சொன்னார்கள். பச்சை உடம்புக்காரியைக் காத்துக் கருப்பு அடித்துவிட்டதாம். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறக்கூடாது என்று நம் ஒற்றை அறைக் காம்பராவுக்குள் சட்டி நிறையத் தணல் வைத்து, கதவைச் சாத்தி, இடுக்கில் சாக்கைத் திணித்தது நாம்தான். ஜன்னல் கண்ணாடி உடைந்தபோது மாற்றித் தராமல் தகரம் அடித்துவிட்டுப் போனது தோட்ட நிர்வாகம். அம்மா உன் மகளை வெளியே இஸ்தோப்புத் திண்ணையில் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நீ உள்ளே தூங்கினாய், எழுந்திருக்கவில்லை. இதில் பேய்க்கு என்ன வேலை, அக்கா?

தணலிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு என்ற வாயுதான் கொன்றது, அதற்கு மணமும் இல்லை நிறமும் இல்லை என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னார். வீட்டில் யாரும் காதில் வாங்கவில்லை.

நான் இப்போது ஹட்டனில் போன் திருத்தும் கடையில் இருக்கிறேன். அந்த வாயு வந்தால் கத்தும் கருவி ஒன்று செய்து காம்பராவில் மாட்டினேன். அடுத்த முறை வந்து பார்த்தால் கருவி செத்துக் கிடக்கிறது. அதன் பெட்டரி டிவி ரிமோட்டுக்குள் இருக்கிறது. "நாடகம் போற நேரத்துல ரிமோட்டு வேல செய்யலடா, அதான்" என்றாள் அம்மா. எனக்கு வந்த ஆத்திரத்தில் சிரிப்பே வந்துவிட்டது.

லயத்தில் பெட்டரி தங்காது. காற்றடித்தால் கரண்ட் போய்விடும். மழைக்காலத்தில் வெயிலையும் நம்ப முடியாது. எப்போதும் இருப்பது நெருப்பு ஒன்றுதான். சரி, உன்னைக் கொன்ற சட்டியின் சூட்டிலேயே கருவி ஓடட்டும் என்று முடிவெடுத்தேன்.

பழைய கூல் பொக்ஸ் ஒன்றைப் பிரித்து அதிலிருந்த சின்னத் தகட்டை எடுத்தேன். ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிருமாக இருந்தால் அதில் கொஞ்சம் கரண்ட் பிறக்கும். முதல் தகடு சூடு தாங்காமல் ஈயம் உருகிப் போனது. அடுத்ததைச் சட்டியின் வெளிப்பக்கம் தள்ளிப் பொருத்தினேன். முதலில் போட்ட சென்சர் தன்னைச் சூடாக்கவே எல்லாக் கரண்டையும் குடித்துவிட்டது; கொஞ்சமாகக் குடிக்கும் வேறொன்றைத் தேடிப் போட்டேன். தணல் அவிந்த பிறகும் வாயு அறைக்குள் நிற்குமே, அதற்காகக் கொஞ்சம் கரண்டைச் சேர்த்து வைக்கவும் வழி செய்தேன். நீ பார்த்திருந்தால், "என்னடா இது, சட்டிக்குத் தோடு மாட்டியிருக்க?" என்று கேட்டிருப்பாய்.

போன மாதம் நம் தங்கச்சி தேவி பிள்ளை பெற்று நுவரெலியா ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவளுக்கும் அதே காம்பரா, அதே சட்டி, அதே தகரம். கருவியோடு போனேன்.

"செத்தவள நெனச்சு செஞ்ச சாமான், புள்ள பெத்தவ காம்பராவுக்குள்ள வரக்கூடாது" என்று அம்மா வாசலில் மறித்தாள்.

"அப்ப இவளயும் தூக்கிக் குடுக்கப் போறியாம்மா?"

அம்மா விலகி நின்றாள். அப்படிக் கேட்டிருக்கக் கூடாதோ?

ஒரு மழை மத்தியானம் கருவி கத்தியது. அம்மா பதறி ஓடிக் கதவைத் திறந்து, தேவியையும் பிள்ளையையும் இஸ்தோப்புக்கு இழுத்து வந்தாள். தேவிக்குத் தலைவலி, வாந்தி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். இரண்டு பேரும் பிழைத்துவிட்டார்கள், அக்கா.

இதோடு முடித்திருந்தால் இது சந்தோஷக் கடிதம். ஆனால் செய்தி கேட்டுத் தோட்ட நிர்வாகத்துச் சின்ன துரை வந்தார். கருவியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"நல்ல சாமான். எல்லா லயத்துக்கும் செஞ்சு குடுங்க. நாங்க ஒரு கூட்டம் வச்சுக் குடுக்குறோம்."

"ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டுத் தருவீங்களா ஐயா?"

"அதான் இது இருக்கே. இனி ஜன்னல் எதுக்கு?"

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன் சாவிலிருந்து நான் பிடுங்கி எடுத்த ஒரே பொருளை அந்த மனுஷன் தகரத்துக்கு முட்டாக வைக்கிறார். கருவிக்குக் கத்தத்தான் தெரியும். காற்றைக் கொண்டுவரத் தெரியாது. ஆள் இல்லாத நேரத்தில் கத்தினால் யார் கதவைத் திறப்பது?

அவர் போன கையோடு கடப்பாரையை எடுத்துத் தகரத்தை நெம்பி வெளியே எறிந்தேன்.

மறுநாள் காலை நானும் அம்மாவோடு, வேலையாட்கள் கூடும் பெரட்டுக்களத்துக்குப் போனேன். வேலைக்கு ஆள் பிரிக்குமுன் கணக்கப்பிள்ளை சத்தம் போட்டார். "தோட்டத்துச் சொத்த ஒடச்சது யாரு?"

நான் வாயைத் திறப்பதற்குள், கூடையோடு நின்ற அம்மா முன்னால் போனாள்.

"நாந்தாங்க ஒடச்சேன். ஒரு புள்ளய அதுக்குள்ள வச்சுச் சாத்திட்டேன். இன்னொருத்தியச் சாத்த மாட்டேன். வேலையில இருந்து பேர வெட்டுறதுன்னா வெட்டிக்கங்க."

கணக்கப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டு ஆள் பிரிக்கத் தொடங்கினார்.

அக்கா, நான் கருவி செய்வதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் எந்தக் காம்பராவுக்குப் போனாலும் முதலில் தகரத்தைப் பிடுங்குவேன், அப்புறம்தான் கருவியை வைப்பேன். இது உனக்கு நான் கொடுக்கும் வாக்கு. உன் மகள் இப்போது திறந்த ஜன்னலுக்குக் கீழேதான் படுக்கிறாள். குளிர்கிறது என்று சிணுங்குகிறாள். இரண்டு கம்பளி போர்த்துகிறோம்.

கோபம் ஆறாத உன் தம்பி,
ராசு