போனுக்கும் சிம்முக்கும் நடுவே ஒரு காது

என் பிரிய லூர்து மச்சான்,

இந்தக் கடிதத்தில் யாரும் நம்பப்போகாத கதை ஒன்று இருக்கிறது. பீடத்துக்கு முன்னால் முழங்காலிட்டுச் சொல்லச் சொன்னாலும் சொல்வேன். நம்பாமல் போவது ஊரின் உரிமை. நீ இருக்கும் இடத்தில் பொழுதுபோக்கு குறைவு என்று கேள்விப்பட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் நிலவரம். வரதராசன்பேட்டை போட்ட இடத்திலேயே கிடக்கிறது. முந்திரி இந்த வருஷம் சுமார்தான், பூ பிடிக்கிற நேரத்தில் பனி கெடுத்துவிட்டது. என் தங்கை, உன் பெண்டாட்டி புஷ்பம் சுகம், அதாவது என்னைத் தினமும் திட்டுகிறாள். நீ கல்லறைத் தோட்டத்துக்குப் போன பிறகு ஊருக்கு வந்த ஒரே புதுசு செல்போன். பூசையில் கோயில் மணியைவிட அதுதான் அதிகம் அடிக்கிறது. சாமியார் நற்கருணையைத் தூக்கும்போது யாரோ ஒருவன் சட்டைப் பையில் சினிமாப் பாட்டு. நீ இருந்திருந்தால் சிரித்திருப்பாயா, எழுந்து போயிருப்பாயா?

உன் மகள் ஜெசிந்தாவுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. பையன் பெயர் ஆரோக்கியராஜ், ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலை வேலை. வேலை முடிந்து வந்து சட்டையை உதறினால் அந்தத் தூசியில் ஓர் அறையும் பாதிச் சமையலறையும் கட்டலாம். மற்றபடி நல்ல பிள்ளை.

நிச்சயம் முடிந்த அன்றே புஷ்பம் ஒரு சட்டம் போட்டாள். "கல்யாணத்துக்கு முன்னாடி போன்ல பேச்சுக் கெடையாது. வேணும்னா எஸ்எம்எஸ் அனுப்பிக்கட்டும்." குரல் கேட்டால்தான் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள், எழுத்தில் கெடமாட்டார்கள் என்பது அவளுடைய வேதம். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டார்கள். கொஞ்ச நாள் எழுத்து போனது, வந்தது. பிறகு வருவது நின்றுபோனது.

ஜெசிந்தா யாரிடமும் சொல்லவில்லை. இங்கேயிருந்து 'சாப்டீங்களா' என்று கேட்டாள், பதில் இல்லை. 'உடம்பு சரியில்லையா' என்று கேட்டாள், பதில் இல்லை. உன் ரோஷம் அவளுக்கு அப்படியே இருக்கிறது. அனுப்புவதை நிறுத்திவிட்டாள்.

கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டிய கல்யாண ஓலையை இரண்டு ஞாயிறு வாசித்தாகிவிட்டது. இன்னாரும் இன்னாரும் மணம் முடிக்கப் போகிறார்கள், தடை தெரிந்தவர் சொல்லலாம் என்று சாமியார் வாசிக்க, தடை தெரிந்தவர்கள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஓலைக்கு முந்தின வாரம் பையனின் அம்மா வந்து இறங்கினார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"எம்புள்ள எழுதி எழுதி வெரலு தேஞ்சு கெடக்கான். அவ மொதல்ல ரெண்டு வார்த்த கேட்டதோட சரி, அப்புறம் ஒரு பதிலு கெடையாது. புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிட வேண்டியதுதான? ஊரறிய ஓலை வாசிக்க வச்சு எங்க மானத்த வாங்கணுமா?"

"அவருதான் அத்தை எழுதுறதே இல்ல" என்றாள் ஜெசிந்தா.

"இந்தா, அவன் போனு. அனுப்புனது அம்புட்டும் இருக்கு, பாத்துக்க. வந்ததை எல்லாம் அழிச்சுட்டு எங்கிட்ட நடிக்காத தாயி."

நேராகப் போய்ச் சாமியாரிடம் மூன்றாம் ஓலையை நிறுத்தச் சொல்லிவிட்டார். சாமியார் இரு வீட்டாரையும் சனிக்கிழமை சாயங்காலம் தன் பங்களாவுக்கு வரச் சொன்னார். நின்றுபோன ஓலை என்றால் நம் ஊரில் என்ன அர்த்தம் என்று உனக்குத் தெரியும். அடுத்த வரன் வாசல்படி மிதிக்காது. புஷ்பம் அழுதாள். ஜெசிந்தா அழவில்லை, ஸ்க்ரூ டிரைவரைத் தேடினாள்.

போன் வாங்கியது பெரம்பலூர், சிம் வாங்கியது அரியலூர். பெரம்பலூர்க் கடைக்காரர், "போன் தங்கம் சார், சிம்முதான் கோளாறு" என்றார். சிம்மை அதே மாதிரி இன்னொரு போனில் போட்டும் காட்டினார், அதிலும் ஒன்றும் வரவில்லை. அரியலூர்க் கடைக்காரர், "சிம்மு வைரம்ணே, இந்த மாடல் போனே மட்டம்" என்றார். நானும் உன் மகளும் பஸ்ஸில் போய்ப் போய் வந்ததில் அந்தச் சாலை இப்போது ஓரடி தாழ்ந்திருக்கிறது. கடைசியில் அரியலூர்க்காரர் இரக்கப்பட்டு, "புதுசா ஒரு சிம்மு போட்டுக்கம்மா" என்றார்.

"புது சிம்மு போட்டா நாளைக்கு வர்றது தெரியும்ணே. இத்தனை நாளா வந்துச்சா இல்லையான்னு எப்படித் தெரியும்? அவரு பொய் சொல்றாரா, நான் பொய் சொல்றேனா, இல்ல இது பொய் சொல்லுதா?" என்று அந்தச் சின்ன அட்டையைக் காட்டினாள். கடைக்காரர் மின்விசிறியைப் பார்த்தார்.

இனிமேல்தான் நம்ப முடியாத பகுதி. உன் மகள் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்து இப்போது ஜெயங்கொண்டத்தில் கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறாள். உலகத்தில் எங்கேயோ இருக்கிற சில பைத்தியங்கள், போனும் சிம்மும் தங்களுக்குள் என்ன பேசுகின்றன என்று ஒட்டுக்கேட்க ஒரு பலகை செய்து, அதன் படத்தை முழுசாக நெட்டில் போட்டிருக்கிறார்களாம். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், மாற்றிக்கொள்ளலாம். மாற்றினால் நீயும் எல்லோருக்கும் காட்டு, அவ்வளவுதான் நிபந்தனை. மச்சான், நம் ஊரில் மீன் குழம்பில் என்ன போட்டாய் என்று கேட்டால்கூடச் சொல்ல மாட்டார்கள்.

திருச்சிக்குப் போய்ச் சாமான் வாங்கி வந்தாள். செம்புத் தகடு ஒட்டிய மெல்லிசுப் பலகையைச் சிம் அளவுக்கு வெட்டிப் போனுக்குள் சொருகினாள். அதிலிருந்து கம்பி இழுத்து, நிஜமான சிம்மை வெளியே உட்காரவைத்தாள். நடுவில் ஒரு கம்பியைக் கிள்ளிக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தாள். பேசுவதும் கேட்பதும் அந்த ஒரே கம்பியில்தானாம், ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிம்முக்கு உயிர் வந்ததும் ஒரு வணக்கம் சொல்லும், அதற்குப் பிறகு போன் கேட்டாலொழிய வாயே திறக்காது. இவ்வளவு அடக்கமான ஜீவனை நான் நம் சொந்தத்தில் பார்த்ததில்லை.

சனிக்கிழமை பங்களாவில் கூட்டம் ஏலாக்குறிச்சித் திருவிழாவைத் தோற்கடித்தது. மரத்துக்கு மரம் ஆள். அப்பளக் கடைகூட வந்துவிட்டது. நான் எழுந்து நின்று, "வாதி போன், பிரதிவாதி சிம், சாட்சி இந்தக் கம்பி" என்று விசாரணையைத் தொடங்கினேன்.

"மாமா, கொஞ்சம் உக்காருங்க, நிழலு விழுது" என்றாள் உன் மகள். உட்கார்ந்தேன்.

முதலில் திரையில் குப்பை குப்பையாக வந்தது. "போன் பேசுற வேகத்துக்கு நாம கேக்கணும் மாமா" என்று எதையோ மாற்றினாள். வரிகள் ஒழுங்காகிவிட்டன, ஒரு கேள்வி, ஒரு பதில், ஒரு கேள்வி, ஒரு பதில். பிறகு ஆரோக்கியராஜைத் தோட்டத்துக்குப் போய் ஒரு எஸ்எம்எஸ் அனுப்பச் சொன்னாள். அவன் முந்திரி மரத்தடியில் நின்று வெகுநேரம் தட்டினான்.

வந்தது. போனில் சத்தமில்லை, வெளிச்சமில்லை. ஆனால் திரையில் நீளமாக ஒரு வரி ஓடியது. அதன் கீழே சிம்மிடமிருந்து வெறும் '92 40'.

"போன் சொல்லுது, இந்தா, இதை எழுதி வச்சுக்க. சிம்மு சொல்லுது, என்னால எழுத முடியல" என்று ஜெசிந்தா சாமியாருக்கு விளக்கினாள். "எழுதுற எடம் கெட்டுப்போச்சு சாமி. இந்தப் போன் சிம்முல எழுதினாத்தான் நமக்குக் காட்டும்."

பையனின் அம்மா நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்தார். "அப்ப எம்புள்ள அனுப்புனதெல்லாம்?"

"எல்லாமே வந்திருக்கு அத்தை. இந்த எடம் வரைக்கும் வந்து செத்திருக்கு." போனுக்கும் சிம்முக்கும் நடுவே விரலை வைத்துக் காட்டினாள். மச்சான், ரெட்டிபாளையத்திலிருந்து இத்தனை தூரம் வந்த வார்த்தைக்குக் கடைசி ஒரு விரற்கடை தாண்ட முடியவில்லை.

சாமியார், "அப்ப நாளைக்கு மூணாவது ஓலை வாசிச்சுடலாம்" என்று எழுந்தார். விவகாரம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த நீள வரியில் அவன் அனுப்பிய செய்தி எண்களாகக் கிடந்தது. ஜெசிந்தா அதை எடுத்துத் தன் புரோகிராமில் போட்டாள். எழுத்து வந்தது. படித்தாள். நானும் அவள் தோளுக்கு மேலே எட்டிப் படித்துவிட்டேன், தாய்மாமனுக்கு அந்த உரிமை உண்டு.

'உங்க வீட்ல எல்லாரும் சரின்னுட்டாங்க. உனக்குச் சம்மதமா?'

அவள் இன்னொரு தடவை படித்தாள். பிறகு, "சாமி, ஒரு நிமிஷம்" என்றாள். "ஓலையை அதுக்குள்ள சரின்னு சொல்லிடாதீங்க. இதை என்கிட்ட யாருமே கேக்கல."

எழுந்து நேராகத் தோட்டத்துக்குப் போனாள். புஷ்பம், "ஏய், எங்கடி போற, பேசக்கூடாதுன்னு" என்று பின்னாலேயே கிளம்ப, பையனின் அம்மா கையைப் பிடித்து உட்கார வைத்தார். "வுடுங்க சம்பந்தி. பேசட்டும்."

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அவன் தலையை ஆட்டுகிறான், அவள் ஏதோ கேட்கிறாள், அவன் யோசிக்கிறான். அந்த இரண்டு பேருக்கும் நடுவே கம்பி கிள்ள இந்த உலகத்தில் எந்தப் பலகையும் இல்லை. நான் எவ்வளவோ காதை நீட்டினேன். திரும்பி வந்தவள் சாமியாரிடம், "வாசிங்க சாமி" என்றாள். அவ்வளவுதான்.

வாசித்தாகிவிட்டது. வருகிற புதன்கிழமை கல்யாணம். கோயில் வாசலிலிருந்து பீடம் வரை உன் இடத்தில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நான் நடப்பேன். அந்தத் தூரம் முழுக்க வாயைத் திறக்க மாட்டேன், ஒரு பொய்கூடச் சொல்ல மாட்டேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

நான் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துவிட்டுக் கேட்கிற ஆள் நீ. கழித்துக்கொள். பங்களாவில் எங்களைத் தவிரச் சாமியாரும் சமையல்காரரும்தான் இருந்தார்கள். விசாரணையை நான் தொடங்கவும் இல்லை, என்னை யாரும் பேசவே விடவில்லை. சாலையும் பழைய உயரத்திலேயே இருக்கிறது. ஒரு சின்ன இடத்தை மட்டும் கழிக்காதே. இத்தனை பேர் கூடி நிச்சயம் செய்தோம், அவளை ஒருவன்தான் கேட்டான்.

உன் மகளுக்குத் தாய்மாமன், உனக்கு என்றும் மச்சான்,
சவரிமுத்து