இரண்டு பேர் படகு

இன்று காலை நாயுடுபுரம் வீட்டுக் கொட்டகையில் படகின் மேல் கிடந்த தார்ப்பாயை விலக்கினேன். பூண்டு வாசனை அடித்தது. உன் ஜீப்பில் மேல்மலைப் பூண்டு மூட்டைகளோடு கிடந்து கிடந்து பாய்த்துணியில் ஏறிய வாசனை. மூடிவிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன்.

ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார ஆசிரியரிடம் அந்தச் சின்னப் பாய்மரப் படகை நாம் சேர்ந்துதான் வாங்கினோம். ஞாயிற்றுக்கிழமைகளில் வெள்ளனே அதை டிரெய்லரில் ஏற்றி, உன் ஜீப்பின் பின்னால் மாட்டி, வளைவு வளைவாக மலையிறங்கி மருதாநதி அணைக்குக் கொண்டுபோவோம். சுக்கான் உன் கையில், பாய்க்கயிறு என் கையில்.

"மாப்ள, தண்ணி கறுக்குது பாரு, காத்து வருது. கயித்த விடு" என்பாய். விடுவேன். நான்கு வருடம் அப்படித்தான் போனது.

அன்று அணைக்கரையில் என் மேலதிகாரி குடும்பத்தோடு சுற்றிப் பார்க்க வந்திருந்தார். படகை வியந்து பார்த்தவர், சேறு படிந்த கைலியோடு நின்ற உன்னைக் காட்டி, "இவரு யாரு?" என்றார்.

"டிரைவர், சார்" என்றேன். நீ இரண்டடி தள்ளித்தான் நின்றாய்.

"ஜீப்ப நெழல்ல போட்டுட்டு வாரேன் சார்" என்றாய். அவரிடம் இல்லை, என்னிடம்.

உன் இடத்தில் அவரை உட்காரவைத்துப் போனேன். நடுத்தண்ணீரில் காற்று திரும்பி, படகு சாய்ந்து தண்ணீர் உள்ளே ஏறியது. நான் கயிற்றை இன்னும் இறுக்கிப் பிடித்தேன். "கயித்த விடுங்க சார்! விடுங்க!" என்று கரையிலிருந்து கத்தினாய். விட்டேன், நிமிர்ந்தது.

"உங்க டிரைவர் கெட்டிக்காரர்தான்" என்றார் அவர். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தலையாட்டினேன்.

அதற்குப் பிறகும் ஞாயிறு தவறாமல் வந்தாய், டிரெய்லரை மாட்டினாய். படகில் மட்டும் ஏறவில்லை. "இடுப்பு வலி" என்றாய். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், குனிந்து டயரைப் பார்ப்பாய். எனக்கும் அது வசதியாக இருந்தது.

போன மாதம் நீ இறந்த துக்கம் கேட்க மேல்மலை வந்தேன். உன் மனைவி என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அண்ணே, படகுன்னா அவுகளுக்கு உசுரு. ஏன் திடீர்னு ஏறாம விட்டாக? உங்களுக்குள்ள ஏதும் சண்டையா?"

"இல்லம்மா. இடுப்பு வலின்னு சொன்னான்."

அவர் நம்பிவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலையே, எண்ணெய காச்சித் தேச்சு விட்டுருப்பேனே" என்று சுவரில் சாய்ந்து அழுதார். என்னைக் காப்பாற்ற நீ சொன்ன பொய்யை, உன் வீட்டிலேயே நின்று நானும் சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த அழுகை என்னை விட்டுப் போகவில்லை. வருகிற ஞாயிறு மேல்மலைக்குப் போய் அவரிடம் நடந்ததைச் சொல்லிவிட வேண்டும். போன ஞாயிறும் இப்படித்தான் நினைத்தேன்.