மாதாப்பூர்ப் பக்கத்து மேகம்

2003 ஜூன் 17, செவ்வாய்

மழைமானியில் 4.2 மில்லிமீட்டர். வானிலை அலுவலகத்தில் சேர்ந்து பதினோரு வருடம், ஹைதராபாத் வந்து ஒன்று. எந்த ஊரானாலும் காலை எட்டரை மணிக்கு முதல் வேலை இதுதான்.

இன்று மாதாப்பூரிலிருந்து ஒருவர் போன் செய்தார். பெரிய ஐ.டி. கட்டிடம் ஒன்றின் சைட் இன்ஜினீயர். மாடிக்குத் தளம் போட வேண்டுமாம், மழை வருமா என்று தெலுங்கில் கேட்டார். அவசரத்தில் நான் தமிழிலேயே ‘மழை’ என்று சொல்லிவிட்டேன்.

“ஹவ், மேடம் தமிழா? நாங்களும் தமிழ்தான். தாத்தா காலத்துல இருந்து சிகந்தராபாத்.”

‘ஹவ்’ என்றால் இந்த ஊர் உருதுவில் ‘ஆமாம்’. பெயர் சந்திரசேகரன்.

ஜூலை 8

கான்கிரீட் போடும் நாளெல்லாம் கூப்பிடுகிறார். மேகத்தைப் பார்த்து எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று இன்று கேட்டார். சின்னச் சின்னப் பஞ்சாகத் தாழ்ந்து நின்றால் பயமில்லை. தலை காலிஃப்ளவர் மாதிரி மேலே மேலே வளர்ந்தால் ஒரு மணி நேரத்தில் கொட்டலாம். உச்சி தட்டையாக விரிந்துவிட்டால் கையில் கிடைத்ததைப் போட்டு மூடுங்கள் என்றேன். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாராம். மகள் சாஹித்யாவுக்கும் சொல்ல வேண்டுமாம். அவள் அம்மா இறந்து நாலு வருடம் ஆகிறது என்று, கேட்காமலே சொன்னார்.

ஆகஸ்ட் 2

இன்று அழைப்பில்லை. கான்கிரீட் இல்லாத நாளாக இருக்கும். இதை ஏன் எழுதுகிறேன்?

செப்டம்பர் 11, வியாழன்

பத்தரை மணிக்குக் கேட்டார். ஓரிரு இடங்களில் இடி மழை வரலாம் என்பதுதான் அலுவலக அறிக்கை. அதை மட்டும் படித்துவிட்டு வைத்திருக்க வேண்டும். வானம் தெளிவு, காற்றும் இல்லை. “தைரியமாப் போடுங்க” என்றேன். யாரு என்னைச் சொல்லச் சொன்னா? எந்தத் தெருவில பெய்யும்னு யாராலயும் சொல்ல முடியாதுன்னு தெரியாதா எனக்கு? அவர் குரலைக் கேட்டதும் நல்லதா ஏதாவது சொல்லணும்னு தோணிருச்சு. அவ்வளவுதான்.

ஒன்றே முக்காலுக்கு மாடிக்குப் போனேன். மேற்கே, சரியாக மாதாப்பூர்ப் பக்கம், ஒரே ஒரு மேகம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளர்ந்தது. ஓடி வந்து நானே போன் செய்தேன்.

“மூடுங்க சார். அரை மணி நேரம்கூட இல்ல.”

“பாதி போட்டாச்சு மேடம்” என்றார். தார்ப்பாய் கொண்டுவரச் சொல்லிக் கத்தியபடி போனை வைத்தார்.

எங்கள் மழைமானியில் ஒரு சொட்டு இல்லை.

செப்டம்பர் 12

போன் வரவில்லை.

செப்டம்பர் 13, சனி

விடுப்புப் போட்டுவிட்டு மாதாப்பூர் போனேன். இரண்டு பஸ், ஒரு ஆட்டோ. நான் நினைத்ததைவிடக் குள்ளம் அவர், காதோரம் நரை. தார்ப்பாய் போட்ட பாதி பிழைத்திருந்தது. மற்ற பாதியில் சிமென்ட் கரைந்து ஜல்லி வெளியே தெரிந்தது. ஆட்கள் உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

யார் சொல்லிப் போட்டாய் என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கேட்டாராம். என் முடிவுதான் என்று சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னது அவரல்ல, கூட இருந்த மேஸ்திரி.

“என் பேரைச் சொல்லியிருக்கலாமே” என்றேன்.

“மேகத்தை நீங்களா செஞ்சீங்க? நீங்க ரெண்டாவது போன் பண்ணாட்டி முழுசும் போயிருக்கும். சாப்ட்டீங்களா?”

அப்போதுதான் அழுகை வந்தது. இத்தனை பேர் நடுவில், சுத்தியல் சத்தத்தில். அவர் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நவம்பர் 23, ஞாயிறு

மௌலா அலியில் அவர் வீடு. சாஹித்யாவுக்கு ஒன்பது வயது. நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள். சாம்பார் அவர் வைத்தது, உப்பு அதிகம். மூன்று பேரும் சொல்லாமல் சாப்பிட்டோம்.

2004 பிப்ரவரி 15

கேட்டுவிட்டார். பஸ் நிறுத்தத்தில், வெயிலில்.

“முப்பத்தெட்டு வயசாச்சு எனக்கு. இனிமே எதுக்கு இதெல்லாம்?”

“நக்கோன்னா நக்கோ, வேணாம்னு சொல்லிடுங்க. வயசைச் சொல்லாதீங்க.”

பஸ் வந்துவிட்டது. ஏறவில்லை. அடுத்ததிலும் ஏறவில்லை.

ஜூன் 21, திங்கள்

காலையில் 11 மில்லிமீட்டர். எட்டில் ஆறு பங்கு வானம் மூடியிருந்தது.

பதவி உயர்வோடு சென்னைக்கு மாற்றல் வந்திருக்கிறது. இங்கே வந்த நாளிலிருந்து இதற்காக மனுப் போட்டவள் நான். விருப்பமில்லை என்று எழுதி, படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவதென்று கொஞ்ச நேரம் பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு ‘குடும்பம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.