மாடி அறை வேண்டாம்

குட்டியின் அம்மாவுக்கு,

மாடியில் எனக்கென்று போட்ட கட்டிலையும் தனித் தட்டையும் எடுத்துவிடு. எதிர்வீட்டுக்காரருக்கு வந்தது பெரும்பாலோருக்கு வருகிற சாதாரண வகைத் தைராய்டு புற்றுநோய். அந்தச் செல்கள் அயோடினை விழுங்கும். அதனால் கதிர்வீச்சுள்ள அயோடின் கொடுத்தார்கள், அந்தக் கதிர் மற்றவர்மேல் படாதிருக்க அவரும் தனியே இருந்தார். எனக்கு வந்தது மெடுல்லரி என்கிற அபூர்வ வகை. இது அயோடினைத் தொடுவதே இல்லை. சாவித் துவாரமே இல்லாத பூட்டுக்கு நான் எந்தச் சாவியை வெட்டுவது? அறுத்து எடுப்பதுதான் வழி. எடுத்தாயிற்று.

இந்தச் செல்கள் கால்சிடோனின் என்றொரு ஹார்மோனைச் சுரக்கும். மிச்சமிருந்தால் ரத்தத்தில் அது காட்டிக்கொடுக்கும். டாக்டர் இப்போதுதான் போனில் சொன்னார்: "மெஷின் அளக்கிற அளவுக்குக்கூட இல்லைங்க." இனி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதுமாம்.

குட்டியை உன் அக்கா வீட்டிலிருந்து அழைத்து வா. சாப்பாடு மூடியிருக்கிறது. சாவி செருப்பு அலமாரியில். நம் பூட்டுச்சாவிக் கடையைத் திறக்கக் கிளம்புகிறேன்.

நேற்று நீ, "பத்து நாளைக்குக் கிட்ட வராதீங்க"ன்னு அழுதபோது நான் சிரித்தது தப்பு. எதற்கெடுத்தாலும் விளக்கம் சொல்கிறவனுக்கு, ரிசல்ட் வரும்வரை பயத்தில் இதைச் சொல்ல வாய் வரவில்லை.

பி.கு.: தலையணையை மட்டும் நானே கீழே கொண்டுவந்து, உன் தலையணைக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன்.