வேம்பார் ஈயும் என் வயிற்றெரிச்சலும்

என் பேச்சிக்கு,

ஆடியில வந்த காய்ச்சல்ல நீ போன பெறகு இது முதல் தீபாவளி. நம்ம வீட்டு அடுப்புல எண்ணெய்ச்சட்டி ஏறல. மக போன் பண்ணி அழுதா, நானும் சேர்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பட்டாசு லேபிள் ஆர்டர் எல்லாம் லோடு ஏறிப் போயிருச்சு. திருத்தங்கல்ல நம்ம பிரஸ் பூட்டிக் கிடக்கு.

"தீபாவளி கழிஞ்சா நமக்கு ஈ ஓட்டுற சீசன்"னு வருசா வருசம் சொல்லுவேன். "இங்கன ஓட்டுறதுக்கு அங்கன வந்து பாருங்க"ன்னு நீ வேம்பார் கடற்கரைக்குக் கெளம்புவ. மக வாங்கிக் குடுத்த போன்ல ஒரு சின்ன லென்ஸை மாட்டிக்கிட்டு, கரையில ஒதுங்கி நாறுற பாசி முன்னால உக்காந்திருவ. ஊர் உலகத்துல பொம்பளைக கடலுக்குப் போனா காலை நனைப்பாக, சிப்பி பொறுக்குவாக. என் பொண்டாட்டி ஈ பாத்தா.

எனக்கு எரியும் பேச்சி. பாசிக்குள்ள புழுவாக் கெடந்து வளர்ற ஈயை, உப்பளத்து ஓரத்துல கறுப்புக் கோடு போட்ட மாதிரி உக்காந்திருந்து கால் வச்சதும் கூட்டமா எந்திரிக்கிற ஈயை, அதுகளைக் கூட பொறுத்துக்கிட்டேன். ஓடை கடல்ல சேருற இடத்துல, உடைஞ்ச வள்ளத்துக்குப் பின்னால ஈரச் சேத்துல ஒரு பச்சை ஈயைக் கண்டுபிடிச்சியே, அந்த நெட்டக்காலன், அவனைத்தான் பொறுக்க முடியல.

பக்கத்துல வந்தா, "நெழல் விழுது, செத்த தள்ளி நில்லுங்க"ம்ப. ஈ உன் கைக்கெட்டுற தூரத்துல, தாலி கட்டுனவன் வள்ளத்துக்கு அங்கிட்டு. இதுல நக்கல் வேற. "பொட்டை ஈ முன்னால றெக்கையைத் தூக்கி எம்புட்டு பவ்யமா ஆடுது பாருங்க. நீங்க பொண்ணு பாக்க வந்தன்னைக்கு மிக்சர் தட்டை விட்டு நிமிந்தீகளா?" நான் கடலைப் பாத்துக்கிட்டு நின்னேன்.

அந்தப் பச்சையை நம்ம பிரஸ்ல அடிச்சுக் காட்டுறேன்னு சவால் விட்டேன். எந்தக் கலரைக் குடுத்தாலும் மை கலந்து அச்சு அசலா எடுத்துருவான்னு சிவகாசி வரைக்கும் பேர் வாங்குனவன் நான். நீ எடுத்த போட்டோவை மிஷின்ல ஏத்துனா, பாசி பிடிச்ச தொட்டி மாதிரி வருது. பச்சை ஃபாயில் ஒட்டிப் பாத்தேன், சங்குசக்கர டப்பா மாதிரி இருந்துச்சு. நீ சிரிச்ச சிரிப்புல மிஷின்மேன் வெளிய வந்து எட்டிப் பாத்தான். போயும் போயும் ஒரு ஈகிட்டத் தோத்தேன்.

சரி, விசயத்துக்கு வாரேன். தூத்துக்குடியில கடலோர ஈகளைப் பத்தி ஆராய்ச்சி பண்ணுற பிள்ளை, உன் போன் சிநேகிதி பெனிட்டா, நீ போனதுலருந்து என்னை விடமாட்டேங்கா. "அந்தப் பச்சை ஈ இருக்குற இடத்தைக் காட்டுங்க அங்கிள், ஆன்ட்டி யார்கிட்டயும் சொல்லல." மறந்துபோச்சும்மான்னேன். மறக்குமா? நீ எனக்கு மட்டும் காட்டுன இடம். உன்னோடதுன்னு எனக்கே எனக்கா மிச்சமிருக்குறது அது ஒண்ணுதான். அதை எதுக்குப் பங்கு போடணும்?

போன வாரம் தனியாப் போனேன். வள்ளம் இருந்துச்சு, ஓடை இருந்துச்சு, ஈயைத்தான் காணோம். குனிஞ்சா சேறு, நிமிந்தா கடல். நீ போனதும் அவனும் தொலைஞ்சான்னு முதல்ல சந்தோசமாக்கூட இருந்துச்சு. பெறகு பயம் வந்துருச்சு. அவனும் இல்லைன்னா, நீ அங்கன உக்காந்திருந்ததுக்கு வேற யாரு சாட்சி? அங்க நின்னே பெனிட்டாவுக்குப் போன் போட்டேன்.

ஸ்கூட்டர்ல வந்தா. கை காட்டுனேன், நேரா உன் இடத்துக்குப் போயி, நீ உக்காருற மாதிரியே வெயிலைப் பாத்துக் குத்தவச்சா. எனக்கு வயிறு பத்திக்கிட்டு வந்துச்சு. கொஞ்ச நேரத்துல, "இந்தா இருக்கு அங்கிள்"ங்கா. இம்புட்டு வருசம் உன்கூட வந்தவன் கண்ணுக்குத் தெரியல, இவ கண்ணுக்குத் தெரியுது. "எந்திரிம்மா, நான் பாக்கணும்"னேன்.

உன் இடத்துல உக்காந்தேன். முதல்ல ஒண்ணும் தெரியல. பெறகு ஈரத்துல ஒரு பச்சைப் பொட்டு நகர்ந்துச்சு. றெக்கையைத் தூக்குச்சு. பெனிட்டா முன்னால வந்து குனிஞ்சா. "நெழல் விழுது தாயி, செத்த தள்ளி நில்லு"ன்னேன். சொன்ன பெறகுதான் அது யார் பேச்சுன்னு உறைச்சுச்சு. அந்தப் பிள்ளை வள்ளத்துக்கு அங்கிட்டுப் போய் நின்னுக்கிட்டா.

கெளம்பும்போது கேட்டா, உன் வருசத் திதிக்கு நான் அடிக்கப்போற நினைவு அட்டையில உன் படத்துக்குப் பக்கத்துல அந்த ஈயைப் போடலாமேன்னு. முடியாதுன்னுட்டேன். இடத்தைக் காட்டியாச்சு, அம்புட்டுத்தான். அடுத்த வருசத் தீபாவளி கழிஞ்சும் வேம்பாருக்குப் போவேன், அவளும் வரட்டும். அட்டையில மட்டும் அவனுக்கு இடம் கெடையாது.

அட்டைக்கு வேற கலர் வச்சிருக்கேன். பொண்ணு பாக்க வந்தன்னைக்கு, காப்பித் தம்ளரை வச்சிட்டு நீ உள்ள திரும்புனப்ப நிமிந்தேன் பேச்சி. மாம்பழ மஞ்சள் சேலை, அரக்குக் கரை, முந்தியில ஒரு இழை பிரிஞ்சு தொங்குச்சு. அந்த மஞ்சளையும் அரக்கையும் சாம்பிள் எதுவும் இல்லாம, கண்ணை மூடிக்கிட்டு கலந்து எடுத்துருவேன். எடுத்து, உன் திதிக்கு அடிப்பேன். அந்தப் பச்சை ஈ வேணும்னா வந்து பாத்துக்கிடட்டும்.

அன்னைக்கு மிக்சர் தட்டை விட்டு நிமிந்து பாத்த,
உன் வீட்டுக்காரன்