வாங்காத ஏசி

வைகாசி 9, வெள்ளி

பசுமைச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. அது இல்லாத விடுதிகளுக்கு அடுத்த மாதம் முதல் ஆள் அனுப்ப மாட்டோம் என்று சுற்றுலா நிறுவனம் எழுதியதிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. இன்று தூங்குவேன்.

எங்கள் விடுதியின் கார்பன் வெளியீட்டைக் கணக்கெடுக்கச் சேலத்திலிருந்து அதிகாரி வந்தார். எத்தனை ஏசி இருக்கிறது, அதில் எத்தனையைக் குறைப்பீர்கள் என்று கேட்டார். ஒன்றுகூட இல்லை, எங்கள் மலையூரான சோளக்காட்டில் ஜன்னலைத் திறந்தாலே போதும் என்றேன். அவர் முகம் வாடியது.

"இருந்தாத்தானுங்க குறைச்சதாக் காட்ட முடியும். படிவத்துல வேற எடமில்லீங்க."

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் செல்லம்மாள் குறுக்கிட்டார். "ஏனுங்க, போன வருசம் நாலு ஏசிக்கு வெலை கேட்டுப்போட்டு, வேண்டாம்னு உட்டுட்டமுங்களே?"

அதிகாரி நிமிர்ந்தார். "அந்த விலைப்பட்டியல் இருக்குதுங்களா? அப்ப அது தவிர்ப்புங்க, குறைச்ச கணக்குலயே எழுதிக்கலாமுங்க."

இருந்தது. நாங்கள் வாங்காத நான்கு ஏசிகளின் கார்பனும் எங்கள் பெயரில் தவிர்க்கப்பட்டது. அதிகாரி கையெழுத்துப் போட்டுவிட்டு, ஒரு பலாப்பழத்துடன் மலையிறங்கினார்.

அவர் போனதும் செல்லம்மாள் கேட்டார். "அடுத்த வருசம் எதைங்க வாங்காம இருக்கறது?"

லிஃப்ட் என்றேன்.

"நமக்கு மாடியே இல்லீங்களே."

அதையும் சேர்த்தே கட்டாமல் விடலாம் என்றேன்.