நீ அனுப்பிய கப்பல்கள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நீயும் உன் வீட்டில் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் உன் குட்டி மருமகளும் உயிரோடு இருக்கிறோம். வலது கையில் இரண்டு விரல் இன்னும் சரியாக மடங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

உன்னைத் திட்டுவதற்குத்தான் உட்கார்ந்தேன். போனில் பேசினால் பாதி கேட்பதற்குள் "விடுக்கா, அத்தான் மனசுல ஒண்ணும் இல்ல" என்று ஆரம்பித்துவிடுவாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார்.

பழைய சாமான் கடையெல்லாம் அலைந்து, எப்போதோ தயாரிப்பு நின்றுபோன, பாகம் பாகமாக ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் பொம்மைப் பாய்மரக் கப்பல் கிட்டுகளை, பெட்டி பிரிக்காததாகப் பார்த்து வருஷா வருஷம் அத்தானுக்கு அனுப்பினாய். கப்பல் கட்டிக்கொண்டிருந்தால் மனுஷன் சாந்தமாக இருப்பார் என்பது உன் எண்ணம். வீடு அமைதியாகத்தான் இருந்தது. மேசை ஆடிவிடக் கூடாது என்று நாங்கள் சுவரோரமாக நடப்போம். பாய்மரத்துக்கு நூல் கட்டும்போது மின்விசிறி ஓடக்கூடாது. தும்மல் வந்தால் உன் மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடுவாள். ஒரு முடிச்சு நழுவினால் என் கன்னம் பதில் சொல்லும். உனக்கு வந்ததெல்லாம் போட்டோ மட்டும்தான். கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, வரிசையாக ஏழு கப்பல், நடுவில் அவர் உயிராக நினைக்கும் கறுப்புக் கப்பல். நீயும் "சூப்பர் அத்தான்" என்று பதில் போடுவாய்.

போன தடவை நீ அனுப்பினாயே, மூன்று பாய்மரம் வைத்த பெரிய கப்பல், அதில்தான் வினை வந்தது. பெயிண்ட் பிடிக்க வேண்டுமானால், அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய் போக, பாகங்களை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அது என் வேலை. தண்ணீர் ஆறிவிட்டதே என்று கெட்டிலில் கொதித்ததை அப்படியே ஊற்றிவிட்டேன். மெல்லிசுப் பிளாஸ்டிக் தாங்குமா? பாய்மரம் மூன்றும் வெயிலில் வைத்த மெழுகுவர்த்தியாட்டம் வளைந்துவிட்டன.

அவர் கத்தவில்லை. கத்தினால் எனக்குப் பயமில்லை, கத்தலோடு முடிந்துவிடும். என் கையை இழுத்து மேசைமேல் அமுக்கி, "இது வளையுதான்னு பாப்போம்" என்றார். ஒரு விரலை ஒடித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பிறகு அடுத்த விரலை ஒடித்தார்.

உன் மருமகள் ஓடி வந்து அவர் முதுகில் குத்தினாள். எட்டு வயசுக் குத்து, அது என்ன வலிக்கும். அவர் திரும்பி, ஒரு கையில் பாகம் வெட்டும் கத்தியோடு, மறு கையால் பிள்ளையின் முடியைப் பிடித்தார். அதற்கப்புறம் நான் எதையும் யோசிக்கவில்லை. அவளைப் பிடித்துத் தள்ளிவிட்டு, இடது கையாலும் தோளாலும் அலமாரியை இழுத்து அவர்மேல் சாய்த்தேன். கப்பல், கண்ணாடி, மனுஷன் எல்லாம் ஒரே குவியல். அவர் தொடையில் கண்ணாடி ஏறித் தரையெல்லாம் ரத்தம். அதில் கிடந்துகொண்டு அவர் கேட்டது ஆம்புலன்ஸ் இல்லை. "கறுப்புக் கப்பல் உடைஞ்சிடுச்சாடி?" என்றுதான் கேட்டார். அது ஒன்றுதான் முழுசாகத் தப்பியிருந்தது. எடுத்து அவர் கண் முன்னால் தரையில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து மிதித்தேன். சொல்ல எனக்கு வெட்கமில்லை, அவ்வளவு நிம்மதியாக இருந்தது. ஆம்புலன்ஸை அப்புறம்தான் கூப்பிட்டேன்.

பிள்ளையோடு வேறு ஊருக்கு வந்தேன், அங்கே ஒரு தையல் கடைக்காரம்மா வேலையும் மாடியில் ஒரு அறையும் கொடுத்தார். அந்த விலாசத்தை உன் ஒருவனிடம்தான் சொன்னேன். நடந்ததையும் சொல்ல வாயெடுத்தேன், நீதான் "விடுக்கா" என்றாய்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து உனக்குப் போன் போட்டு அழுதாராமே. "அக்கா இருக்கிற இடத்துக்கே ஒரு கப்பல் அனுப்பு மாப்ளே, மூணு பேரும் சேர்ந்து கட்டுறோம்" என்றாராமே. நீ உருகிவிட்டாய். அனுப்பியதோடு விட்டாயா? பார்சலை விலாசத்தோடு போட்டோ எடுத்து அவருக்கும் ஒன்று தட்டிவிட்டாய்.

பார்சல் வந்த மறுநாள் ஊன்றுகோலோடு வந்து நின்றார். "அப்படி யாரும் இங்க இல்லையே" என்று கடைக்காரம்மா சொல்லிப் பார்த்தார். நீ அனுப்பிய போட்டோவை அந்த அம்மா முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டிவிட்டு, ஊன்றுகோலை ஓங்கி அடித்தார். தாடை உடைந்துவிட்டது. கம்பி வைத்துக் கட்டி, குழாயில் கஞ்சி குடிக்கிறார் அந்த அம்மா. நமக்கு எந்த உறவும் இல்லாதவர்.

துணி வெட்டும் பெரிய கத்தரியை எடுத்துக்கொண்டு நான் படியிறங்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பின்னால் நகர்ந்தார். இத்தனை வருஷத்தில் அவர் பின்வாங்கி அன்றைக்குத்தான் பார்த்தேன். அதற்குள் தெரு ஆட்கள் வந்து பிடித்துவிட்டார்கள். போலீஸ் கொண்டுபோனது, குடும்பச் சண்டை என்று வெளியேயும் விட்டுவிட்டது. தம்பி, அவர் நகர்ந்திருக்காவிட்டால் குத்தியிருப்பேன். எந்த இடத்தில் குத்துவது என்றுகூடக் கண்ணால் பார்த்து வைத்துவிட்டேன். அவரை நினைத்து இப்போது எனக்குப் பயமில்லை. என்னை நினைத்துத்தான் பயமாக இருக்கிறது.

"மாமா ஏம்மா அப்பாகிட்ட சொன்னாரு?" என்று உன் மருமகள் கேட்டாள். "மாமாவுக்கு எல்லாரும் நல்லவங்கதான்டி" என்றேன். அவள் நீ அனுப்பிய பார்சல் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள். அதுதான் எனக்குக் கஷ்டமாகப் போய்விட்டது.

கடைக்காரம்மா வழக்குப் போட்டிருக்கிறார். போலீஸ் உன்னைக் கூப்பிட்டால், அத்தான் போனில் சொன்னதை ஒளிக்காமல் சொல்லு. இனிமேல் அவருக்குக் கப்பல் வேண்டாம், ஒட்டும் பசைகூட அனுப்பாதே.

நாங்கள் அங்கிருந்தும் கிளம்பிவிட்டோம். இந்தக் கடிதத்தையும் வேறு ஊருக்குப் போகிற ஒருவரிடம் கொடுத்துத் தபாலில் போடச் சொல்லியிருக்கிறேன். உறையில் இருக்கும் தபால் முத்திரையைப் பார்த்துவிட்டு அங்கே போய்த் தேடாதே. யாராவது அழுதால் நீ தாங்கமாட்டாய். சின்ன வயசிலிருந்தே நீ அப்படித்தான், அதற்காகவே எனக்கு உன்னை இவ்வளவு பிடிக்கும். அவர் மறுபடி உன்னிடம் வந்து அழுவார். என்றைக்காவது நான் போன் பண்ணினால், பிள்ளை எப்படி இருக்கிறாள் என்று கேள், சாப்பிட்டாயா என்று கேள். எங்கே இருக்கிறாய் என்று மட்டும் கேட்டுவிடாதே ராசா. நீ கேட்டால் நான் சொல்லிவிடுவேன்.

குடும்பத்தோடு நீ நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும்.

உன்மேல் உயிரையே வைத்திருக்கும்,
அக்கா